போர் விமானத் தளத்துக்குப் பக்கத்து ஊரில் வீடு வாங்கப் போகிறீர்களா? இங்கிலாந்தின் சஃபோக் கிராமங்களுக்கு ஒரு வழிகாட்டி

கேம்பிரிட்ஜிலோ பரி செயின்ட் எட்மண்ட்ஸிலோ வேலை பார்ப்பவர்கள், அங்கே வீட்டு விலை கட்டுப்படியாகாமல் ஏ11 சாலையைப் பிடித்து வடகிழக்கே தேட ஆரம்பித்தால், மில்டன்ஹால், பெக் ரோ, லேக்கன்ஹீத், எரிஸ்வெல், பிராண்டன் என்று சில ஊர்களில் வந்து நிற்பார்கள். அதே பணத்துக்கு ஓர் அறை கூடுதல், பின்னால் பெரிய தோட்டம், வாசலில் இரண்டு கார் நிறுத்த இடம். விளம்பரப் படங்கள் அழகாக இருக்கும். படத்தில் சத்தம் கேட்காது, விஷயமே அதுதான்.

இந்த ஊர்களுக்கு நடுவில் சில மைல் இடைவெளியில் இரண்டு விமானத் தளங்கள் இருக்கின்றன. பெயர் ஆர்ஏஎஃப் லேக்கன்ஹீத், ஆர்ஏஎஃப் மில்டன்ஹால் என்று பிரிட்டிஷ் விமானப்படையின் (ஆர்ஏஎஃப்) பெயராக இருந்தாலும் இரண்டிலும் இயங்குவது அமெரிக்க விமானப்படை. லேக்கன்ஹீத்தில் எஃப்-15ஈ போர் விமானங்கள், 2021 டிசம்பரிலிருந்து எஃப்-35ஏ விமானங்களும். மில்டன்ஹாலில் பறக்கும்போதே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் கேசி-135 டேங்கர்கள், கூடவே சிறப்புப் படைப் பிரிவின் எம்சி-130 விமானங்களும், ஹெலிகாப்டர் போல நேராக எழும்பி விமானம் போலப் பறக்கும் ஆஸ்ப்ரேக்களும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். போர் விமானம் கிளம்பும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஆனால் சட்டென்று போய்விடும். டேங்கர் ஒரு நீண்ட உறுமல். ஆஸ்ப்ரே இரவில் தாழ்வாகப் போனால் காதுக்கு முன்னால் ஜன்னல் கண்ணாடிக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் சந்தோஷமாக வாழும் குடும்பங்கள் ஏராளம், எனக்கும் இந்த மண் ரொம்பப் பிடிக்கும். ஆனால் இங்கிலாந்தில் வீடு வாங்கும் முறையில் விமானச் சத்தத்தைப் பற்றி உங்களிடம் வலிய வந்து சொல்கிறவர் கிட்டத்தட்ட யாருமே இல்லை. எஸ்டேட் ஏஜென்ட் விற்பவருக்காக வேலை செய்கிறவர். சொலிசிட்டர், அதாவது உங்கள் பத்திர வேலையைப் பார்க்கும் வழக்கறிஞர், காகிதத்தைப் பார்ப்பார், வானத்தைப் பார்க்க மாட்டார். கட்டடத்தின் நிலையைச் சோதிக்கும் சர்வேயர் ஒரு நாள் சில மணி நேரம் வருவார், அந்த நேரத்தில் ஒன்றும் பறக்காமலே போகலாம். ஆகவே அந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும், அதுவும் பணம் செலவழிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால்.

முதலில் ஓடுபாதையின் கோடு

வீட்டைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைத் திறந்து ஓடுபாதை எந்தத் திசையில் கிடக்கிறது என்று பாருங்கள். லேக்கன்ஹீத்தில் அது தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகிறது, மில்டன்ஹாலில் ஏறக்குறைய கிழக்கு மேற்காக. அந்தக் கோட்டை இரண்டு பக்கமும் சில மைல் நீட்டிப் பாருங்கள். தளத்திலிருந்து வீடு எத்தனை மைல் என்பதைவிட இந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. தளத்தின் வேலியை ஒட்டியே இருந்தாலும் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் இருக்கும் தெருவுக்கு ஒருவகைச் சத்தம், நான்கு மைல் தள்ளி நேர்கோட்டில் இருக்கும் வீட்டுக்கு வேறுவகைச் சத்தம்.

அப்புறம் காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், இறங்கும். இந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது, அதனால் லேக்கன்ஹீத்திலிருந்து பல நாட்கள் தென்மேற்கு நோக்கி, ஃபென் சமவெளிப் பக்கம் கிளம்புவார்கள், இறங்குகிறவை வடகிழக்கிலிருந்து வரும். குளிர்காலத்தில் கிழக்குக் காற்று சில நாட்கள் பிடித்துக்கொண்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். நீங்கள் வீடு பார்க்கப் போன அன்று காற்று எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள். ஒரு பக்கக் காற்றில் மட்டும் பார்த்துவிட்டு "இங்கே சத்தமே இல்லை" என்று முடிவு கட்டுவது தவறு.

எப்போது போய்ப் பார்ப்பது

எல்லாரும் சனி ஞாயிறில்தான் வீடு பார்க்கப் போகிறோம். போர் விமானங்கள் பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை பயிற்சி எடுக்கின்றன. அமெரிக்க விடுமுறை நாட்களிலும் தளம் அமைதியாக இருக்கும், ஜூலை 4, நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாள் வாரம் போன்றவை. ஆகவே சனிக்கிழமை அமைதியை நம்ப வேண்டாம். ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு செவ்வாயோ புதனோ போங்கள். காலை ஒன்பது மணிக்குப் போய் ஊருக்குள் நடந்து, பப்பில் மதியம் சாப்பிட்டு, மாலை வரை இருங்கள். வீட்டுக்குள் போக அனுமதி வேண்டும், தெருவில் நிற்க அனுமதி தேவையில்லையே.

குளிர்காலத்தில் இன்னொரு தடவை, இருட்டிய பிறகு. இரவில் பறக்கும் பயிற்சி விமானிகளுக்குக் கட்டாயம். கோடையில் இருட்ட இரவு பத்து ஆகிவிடும் என்பதால் அந்தப் பயிற்சியைப் பெரும்பாலும் குளிர்காலத்தில், சீக்கிரம் இருட்டும் மாதங்களில் வைத்துக்கொள்கிறார்கள். தளத்தின் சமூக ஊடகப் பக்கங்களில் இரவுப் பயிற்சி அறிவிப்புகள் வருவதுண்டு, வீடு தேடும்போதே அவற்றைப் பின்தொடர ஆரம்பியுங்கள். கைக்குழந்தை இருக்கிறதா, இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிற நர்ஸா, வீட்டிலிருந்து நாள் முழுவதும் வீடியோ அழைப்பில் வேலையா, இவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் இரண்டு மடங்கு முக்கியம்.

படைப்பிரிவுகள் வெளிநாட்டுப் பணிக்குப் போனால் சில மாதங்கள் ஊர் அமைதியாகிவிடும், உலகில் எங்கேயாவது பதற்றம் கூடினால் டேங்கர்கள் கூட்டமாக வரும், போகும். எனவே விற்கிறவரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் "சத்தம் இருக்குமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "இல்லை, பழகிவிடும்" என்றுதான் பதில் வரும். "போன ஜனவரியில் ராத்திரி எத்தனை மணி வரை பறந்தார்கள்?", "கோடையில் தோட்டத்தில் உட்கார்ந்து பேச முடிகிறதா?", "நாய் எப்படி எடுத்துக்கொண்டது?" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

இரைச்சல் வரைபடமும் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகம் ராணுவ விமானத் தளங்களைச் சுற்றிச் சத்தத்தை அளந்து சமஇரைச்சல் கோடுகள் போட்டு வைத்திருக்கிறது, லேக்கன்ஹீத்துக்கும் உண்டு. வெஸ்ட் சஃபோக் கவுன்சிலின் திட்ட அனுமதி இணையப் பக்கத்தில், நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு அருகே அண்மையில் யாராவது புது வீடு கட்ட விண்ணப்பித்திருந்தால், அந்த விண்ணப்பத்தோடு இரைச்சல் மதிப்பீட்டு அறிக்கை இணைந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வேறு யாரோ காசு கொடுத்துச் செய்த அளவீடு, நீங்கள் இலவசமாகப் படிக்கலாம். படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த எண்கள் வழக்கமாகக் காலை 7 முதல் இரவு 11 வரை 16 மணி நேரத்துக்கான சராசரி. நாளில் சில தடவை மட்டும் காதைக் கிழிக்கும் ஒரு சத்தம் சராசரியில் சாதுவாகத் தெரியும். உச்ச அளவு தனியாகக் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள்.

சட்டம் உங்களை எவ்வளவு காப்பாற்றும்

ரொம்பக் கொஞ்சம்தான். இங்கிலாந்தில் விலை பேசி, விற்பவர் ஒப்புக்கொண்டாலும், ஒப்பந்தப் பரிமாற்றம், அதாவது எக்ஸ்சேஞ்ச் நடக்கும் வரை இரண்டு தரப்பும் விலகிக்கொள்ளலாம். நடுவில் வேறொருவர் கூடுதல் விலை சொன்னால் விற்பவர் அங்கே தாவலாம், நீங்களும் இரவுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லலாம். எக்ஸ்சேஞ்ச் அன்று வழக்கமாக 10 சதவீதம் முன்பணம் கட்டுவீர்கள், அதற்குப் பின் விலகினால் அந்தப் பணம் போய்விடும். விலை ஒத்துக்கொண்டதிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் மூன்று நான்கு மாதம் ஓடிவிடும், தளத்தைக் கவனிக்க உங்களுக்குக் கிடைக்கும் அவகாசமும் அதுதான். வீணாக்காதீர்கள்.

சொலிசிட்டர் போடும் வழக்கமான தேடல்கள் கவுன்சில் ஆவணங்கள், குடிநீர் வடிகால், சுற்றுச்சூழல் ஆகியவை. விமானம் எத்தனை தடவை பறக்கிறது என்று இவற்றில் எதுவும் சொல்லாது. விற்பவர் நிரப்பித் தரும் சொத்துத் தகவல் படிவத்தில் தகராறு, புகார் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. விமானச் சத்தம் பற்றி எப்போதாவது எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறாரா, இரைச்சல் தடுப்புக்கு ஏதாவது மானியம் வாங்கியிருக்கிறாரா என்று சொலிசிட்டர் வழியாகத் தனிக் கேள்வியாகவே அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பொய் சொன்னால் அது பின்னால் அவருக்குத்தான் சிக்கல், அதனால் பதில் கவனமாக வரும்.

"வாங்கிய பிறகு வழக்குப் போட்டால்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்ஏஎஃப் விட்டரிங் தளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையின் உரிமையாளர்கள் ஹாரியர் விமானங்களின் சத்தத்துக்காகப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மேல் வழக்குப் போட்டு, 2003இல் 9,50,000 பவுண்டு இழப்பீடு பெற்றார்கள். ஆனால் நீதிமன்றம் விமானங்களை நிறுத்தச் சொல்லவில்லை, நாட்டின் பாதுகாப்புக்காகப் பறப்பது பொது நன்மை என்று ஏற்றுக்கொண்டுதான் பணம் கொடுக்கச் சொன்னது. பெரிய எஸ்டேட், பெரிய வழக்கறிஞர்கள், பல வருடம். மூன்று படுக்கையறை வீடு வாங்குகிற நாம் அந்த நம்பிக்கையில் இறங்கக் கூடாது. சத்தத்துக்கான இழப்பீட்டை வாங்கும் விலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் இருக்கும் வீட்டுக்கு, பக்கவாட்டில் இருக்கும் வீட்டின் விலையைக் கொடுக்காதீர்கள்.

பணம்: ஊரில் இருக்கும் வீடும் கணக்கில் வரும்

இது தளத்தோடு சம்பந்தப்பட்டதில்லை, ஆனால் நம் ஆட்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் என்பதால் சொல்லியே ஆக வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் ஸ்டாம்ப் டியூட்டி, முதல் 1,25,000 பவுண்டுக்கு ஒன்றுமில்லை, அதிலிருந்து 2,50,000 வரையிலான பகுதிக்கு 2 சதவீதம், அதற்கு மேல் 9,25,000 வரை 5 சதவீதம். 3,00,000 பவுண்டு வீட்டுக்கு 5,000 பவுண்டு வரும். முதல் வீடு வாங்குபவருக்கு 3,00,000 வரை ஒன்றும் கிடையாது.

இங்கே முதல் வீடு என்றால் உலகத்திலேயே முதல் வீடு. தாம்பரத்தில் உங்கள் பெயரில் ஒரு ஃபிளாட் இருந்தாலோ, யாழ்ப்பாணத்தில் அப்பாவின் வீட்டில் ஒரு பங்கு வந்திருந்தாலோ அந்தச் சலுகை போகலாம். அதைவிட முக்கியம், 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள இன்னொரு வீடு உலகில் எங்கே இருந்தாலும், கணவன் மனைவி இருவரில் யார் பெயரில் இருந்தாலும், இங்கே வாங்குவது கூடுதல் வீடாகக் கருதப்பட்டு முழு விலைக்கும் மேலும் 5 சதவீதம் விழலாம். 3,00,000 பவுண்டு வீட்டில் அது தனியாக 15,000 பவுண்டு. ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டை விற்று மாறுகிறவர்களுக்கும், சமீபத்தில் பரம்பரையாக வந்த சிறு பங்குகளுக்கும் விதிவிலக்குகள் உண்டு. ஆகவே ஊரில் இருக்கும் சொத்தை மறைக்காமல் முதல் நாளே சொலிசிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அம்மா அப்பா அனுப்பும் பணத்தில் முன்பணம் கட்டுவதாக இருந்தால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டரும் வங்கியும் கேட்பார்கள். நகை விற்றது, நிலம் விற்றது, வைப்பு நிதி முதிர்ந்தது, எதுவானாலும் காகிதம் வேண்டும். திருப்பிக் கேட்க மாட்டோம் என்று அன்பளிப்புக் கடிதமும் வேண்டும். வீடு பிடிப்பதற்கு முன்பே இதைத் தயார் செய்யுங்கள்.

வீடும் மண்ணும்

லேக்கன்ஹீத் போன்ற ஊர்கள் இரண்டு நிலங்களின் விளிம்பில் இருக்கின்றன. கிழக்கே பிரெக்லாண்ட், மணலும் சுண்ணாம்பும் தெட்ஃபோர்டு காடும். மேற்கே ஃபென், ஒரு காலத்தில் சதுப்பாக இருந்து வடிகால் வெட்டி உலர வைத்த கரி மண். கிழக்கே மணல் மேட்டில் இருக்கும் வீட்டுக்கு வெள்ளக் கவலை குறைவு. மேற்கே ஃபென் பக்கம் போகப் போக நிலம் தாழ்கிறது, கரி மண் உலர்ந்தால் சுருங்கும், வீடு ஒரு பக்கம் இறங்கும். அந்தப் பக்கச் சாலைகள் அலை அலையாக இருப்பதைக் கார் ஓட்டும்போதே உணர்வீர்கள். அஞ்சல் குறியீட்டை வைத்து அரசின் வெள்ள அபாயப் பக்கத்தைப் பாருங்கள், அதோடு நிறுத்தாமல் எக்ஸ்சேஞ்சுக்கு முன்பே வீட்டுக் காப்பீட்டு விலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். காப்பீட்டுக்காரர் தயங்கினால் அது உங்களுக்கான செய்தி.

பழைய வீடுகள் இங்கே சிக்கிமுக்கிக் கல்லும் செங்கல்லும் சேர்த்துக் கட்டியவை. பிராண்டன் ஊரே ஒரு காலத்தில் துப்பாக்கிக்கான சிக்கிமுக்கிக் கல் உடைத்துப் பிழைத்தது, நெப்போலியன் போர்களின்போது பிரிட்டிஷ் படைக்குக் கல் போனது இங்கிருந்துதான். அழகான சுவர்கள், ஆனால் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு யாராவது பிற்காலத்தில் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளே அடைபட்டுக் கெட்டுப்போகும். களிமண் கட்டிகளால் கட்டிய வீடுகளும் இந்த வட்டாரத்தில் உண்டு, அவற்றுக்கு இது இன்னும் ஆபத்து. இப்படிப்பட்ட வீடு என்றால் நடுத்தர சர்வே போதாது, முழுக் கட்டடச் சர்வே, மூன்றாம் நிலை என்பார்கள், அதையே எடுங்கள். மார்ட்கேஜ் தருபவர் களிமண் சுவரை ஏற்பாரா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

கிராமத்தில் பல வீடுகளுக்குக் குழாய் எரிவாயு கிடையாது. தோட்டத்தில் எண்ணெய்த் தொட்டி இருக்கும், வெப்பமூட்ட மண்ணெண்ணெய் வகை எரிபொருளை லாரியில் வரவழைக்க வேண்டும். தொட்டியின் வயதைக் கேளுங்கள், கசிந்தால் மண்ணைத் தோண்டி எடுக்கும் செலவு பயங்கரம். செப்டிக் டேங்க் இருந்தால் கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள், நேராக ஓடையிலோ வாய்க்காலிலோ விடுவது 2020 முதல் விதிமீறல், மாற்றியமைக்கப் பல ஆயிரம் பவுண்டு ஆகும். வீட்டுக்குச் சொந்தக் கிணற்று நீர் என்றால் பரிசோதனை செய்யாமல் வாங்கவே வாங்காதீர்கள். விமானத் தளங்களில் பல பத்தாண்டுகளாகத் தீயணைப்பு நுரை பயன்படுத்தினார்கள், அதில் இருந்த பிஃபாஸ் வேதிப்பொருட்கள் நிலத்தடி நீரில் கரைந்து நெடுங்காலம் தங்குபவை. குழாய் நீரை நிறுவனம் பரிசோதிக்கும், கிணற்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கவுன்சிலைக் கேட்டால் கட்டணம் வாங்கிக்கொண்டு மாதிரி எடுப்பார்கள், பிஃபாஸையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

முன்பு ராணுவக் குடியிருப்பாக இருந்து பின்னர் தனியாருக்கு விற்கப்பட்ட வீடுகள் இந்த மாதிரி ஊர்களில் மலிவாகக் கிடைக்கும். நல்ல அறைகள், நல்ல இடைவெளி, திடமான கட்டடம். ஆனால் தெருவைக் கவுன்சில் எடுத்துக்கொண்டதா அல்லது இன்னும் தனியார் சாலையா, கழிவுநீர் பொதுக் குழாய்க்குப் போகிறதா அல்லது தளத்தின் பழைய அமைப்புக்கா, வருடப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அது ஏற உச்சவரம்பு உண்டா, இந்த நான்கையும் சொலிசிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

தளம் நாளைக்கு இருக்குமா

விலை பற்றிப் பேசும்போது யாராவது "தளம் மூடப்போகிறது, அப்புறம் விலை ஏறிவிடும்" என்பார், இன்னொருவர் "மூடினால் விலை விழுந்துவிடும்" என்பார். 2015 ஜனவரியில் மில்டன்ஹாலை விட்டுப் போகப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. அந்த நிலத்தில் வீடுகள் கட்டலாமா என்று திட்டமெல்லாம் போட்டார்கள். 2020இல் முடிவு மாறியது, விமானங்கள் இன்றும் அங்கேதான். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் அப்பர் ஹேஃபோர்டு 1990களில் நிஜமாகவே மூடி இப்போது பெரிய குடியிருப்பாகிவிட்டது. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் வாட்டர்பீச் படைமுகாம் 2013இல் காலியாகி அங்கே புது நகரமே எழுகிறது. எசெக்ஸில் வெதர்ஸ்ஃபீல்டு தளம் 2023இல் புகலிடம் கோருவோர் தங்கும் இடமானது. ஆக மூடினால் என்ன வரும் என்று ஊர்க்காரர்களுக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. தளம் இப்போது இருப்பது போலவே இருபது வருடம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அப்படியிருந்தும் இந்த வீடு வேண்டுமா என்று கேட்டுப்பாருங்கள். வேண்டும் என்றால் வாங்குங்கள்.

பக்கத்துக் காலி வயலைப் பற்றியும் விசாரியுங்கள். மில்டன்ஹாலுக்கும் நியூமார்க்கெட்டுக்கும் இடையே சன்னிக்கா என்ற மாபெரும் சூரிய மின் பண்ணைக்கு 2024 ஜூலையில் அனுமதி கிடைத்தது. இன்னொரு பக்கம், ஸ்டோன் கர்லியூ என்ற அரிய பறவை கூடு கட்டும் பிரெக்லாண்ட் பாதுகாப்புப் பகுதியைச் சுற்றி 1,500 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குக் கடும் கட்டுப்பாடு. வீட்டை ஒட்டிய வயல் அந்த எல்லைக்குள் இருந்தால் கண்ணெதிரே புதுக் குடியிருப்பு முளைக்கும் வாய்ப்பு குறைவு, ஆனால் நீங்கள் தோட்டத்தில் இன்னொரு வீடு கட்டி விற்கலாம் என்ற கனவையும் விட்டுவிட வேண்டும்.

வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு

அமெரிக்கப் படையினருக்குத் தளத்துக்கு வெளியே குடியிருக்க வீட்டுப்படி கிடைக்கிறது, அதனால் வாடகை ஒழுங்காக வரும் என்பது உண்மைதான். பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்தில் மாறிவிடுவார்கள், கோடையில் இடமாற்றங்கள் அதிகம். பெரிய சமையலறை, இரண்டு குளியலறை, கார் நிறுத்த இடம் இவற்றைக் கேட்பார்கள். தளத்தின் வீட்டு வசதி அலுவலகம் வழியாகப் போனால் அவர்களின் நிபந்தனைகளைப் படியுங்கள், இடமாற்ற உத்தரவு வந்தால் குறுகிய அறிவிப்பில் காலி செய்யும் உரிமை அதில் இருக்கும். 2026 மே 1 முதல் இங்கிலாந்தின் வாடகைச் சட்டமும் மாறுகிறது, குறித்த கால ஒப்பந்தமும் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் வழியும் இல்லை. கூடுதல் வீட்டுக்கான 5 சதவீத வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும் லாபம் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரே வேலை கொடுப்பவரை நம்பிய வாடகைச் சந்தை என்பதால் எனக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. குடியிருக்க வாங்குவதே இங்கே நல்ல காரணம்.

குடியிருந்து பார்த்தால்

பக்கத்து வீட்டு அமெரிக்கர்கள் நல்லவர்கள், ஆனால் நின்று பழகுவதற்குள் இடமாற்றத்தில் போய்விடுவார்கள். குழந்தைகளுக்கு இது கொஞ்சம் வலிக்கும். அமெரிக்கப் பிள்ளைகள் பலர் தளத்துப் பள்ளிகளுக்குப் போவார்கள், தெருவில் சேர்ந்து விளையாடுவார்கள், அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் அன்று இந்த ஊர்த் தெருக்கள் நிரம்பி வழியும், மிட்டாய் நிறைய வாங்கி வையுங்கள். தளத்துக் கடைகளில் நாம் போய் வாங்க முடியாது.

காலையில் தளத்து வாயிலுக்குள் எல்லாரும் வேலைக்குப் போகும் நேரத்தில் ஏ1065 சாலை ஊர்ந்து போகும், பார்ட்டன் மில்ஸ் பக்கத்து ஃபைவ்வேஸ் ரவுண்டானாவும் பிராண்டன் ரயில் கேட்டும் அதோடு சேர்ந்துகொள்ளும். வேலைக்குப் போகும் நேரத்திலேயே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். புதிதாக வந்த ஓட்டுநர்கள் சிலர் பழக்கதோஷத்தில் சாலையின் வலது பக்கமாக ஓட்டிவிடும் ஆபத்து எந்த அமெரிக்கத் தளத்தைச் சுற்றியும் இருக்கிறது, நார்தாம்ப்டன்ஷயரில் குரோட்டன் தளத்துக்கு வெளியே 2019இல் ஓர் இளைஞர் இப்படித்தான் உயிரிழந்தார். வாயில்களுக்கு அருகே பிள்ளைகளைச் சைக்கிளில் தனியாக விடாதீர்கள், நீங்களும் வளைவுகளில் வேகத்தைக் குறையுங்கள். பஸ் குறைவு. ரயிலுக்கு பிராண்டன் நிலையம், ஈலி வழியாகக் கேம்பிரிட்ஜ். லேக்கன்ஹீத் நிலையம் என்று வரைபடத்தில் இருப்பதை நம்ப வேண்டாம், அங்கே மிகச் சில ரயில்களே நிற்கும். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் கேம்பிரிட்ஜ் மில் ரோடுதான்.

பையனுக்கு டிரோன் வாங்கிக் கொடுத்திருந்தால் அதைப் பெட்டியிலேயே வையுங்கள். இரண்டு தளங்களைச் சுற்றியும் பறக்கத் தடை வளையம் இருக்கிறது, அனுமதியில்லாமல் சொந்தத் தோட்டத்தில் ஏற்றினாலும் குற்றம். 2024 நவம்பரில் இந்தத் தளங்களின் மேல் அடையாளம் தெரியாத டிரோன்கள் தெரிந்ததிலிருந்து இதைக் கடுமையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பொதுச் சாலையிலிருந்து விமானத்தைப் படம் எடுப்பதில் தவறில்லை, வேலியோரம் கேமராவோடு நிற்கும் ஆர்வலர்களை நாள்தோறும் பார்ப்பீர்கள். அணு ஆயுதத்தை எதிர்த்து லேக்கன்ஹீத் வாயிலில் அவ்வப்போது போராட்டம் நடக்கும், அமைதியாகவே நடக்கும். அதைப் பற்றி உங்கள் மனசாட்சி என்ன சொல்கிறது என்பதையும் வீட்டில் பேசிவிடுங்கள், சிலருக்கு அது விலையைவிடப் பெரிய விஷயம்.

வேறு மாவட்டத்தில் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லிங்கன்ஷயர் கோனிங்ஸ்பியில் டைஃபூன் போர் விமானங்கள், ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பிரைஸ் நார்ட்டனில் பெரிய சரக்கு விமானங்கள், சாலிஸ்பரி சமவெளியில் லார்க்ஹில் பக்கம் பீரங்கி. பீரங்கிப் பயிற்சி நிலத்துக்குப் பக்கத்தில் ஓடுபாதைக் கோடு உதவாது, சுடும் நேர அட்டவணையை ராணுவம் வெளியிடுகிறது, அதை வைத்துச் சுடும் நாளில் போய்ப் பாருங்கள்.

சத்தத்தைக் குறைக்கும் வேலை

வீடு கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் ஜன்னலை மாற்றுகிறார்கள். விமானச் சத்தம் மேலிருந்து வருவதால் கூரையிலிருந்து ஆரம்பியுங்கள். பரணில் கனமான கனிமக் கம்பளி போட்டு, படுக்கையறைக் கூரைக்கு இன்னொரு அடுக்குப் பலகை கொடுத்தாலே வித்தியாசம் தெரியும். கூரைக்குள் கட்டிய மாடி அறையும் கண்ணாடிக் கூரைப் பின்கட்டும் சத்தத்துக்கு மோசமான இடங்கள், அங்கே குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். ஜன்னலுக்கு, இருக்கும் கண்ணாடிக்கு உள்பக்கம் பத்து சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இடைவெளி விட்டு இரண்டாவது ஜன்னல் போடுவது, புது இரட்டைக் கண்ணாடியைவிடப் பல நேரம் நன்றாக வேலை செய்யும், செலவும் குறைவு. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள வீடு என்றால் வெளி ஜன்னலை மாற்ற கவுன்சில் அனுமதி வேண்டும், உள்பக்க ஜன்னலுக்கு அனுமதி கிடைப்பது சுலபம், இருந்தாலும் கேட்டுவிட்டே செய்யுங்கள். ஜன்னல் சட்டத்தின் மேல் இருக்கும் சிறிய காற்றுத் துளை வழியாகத்தான் நிறையச் சத்தம் நுழைகிறது, அதை அடைத்துவிடாதீர்கள், ஈரம் பிடித்துக் கருப்புப் பூஞ்சை வரும், ஒலி அடக்கும் துளையாக மாற்றுங்கள். வீடு வாங்கும் பட்ஜெட்டிலேயே இந்த வேலைகளுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் விலை பேசப் போக வேண்டும், முதல் குளிர்காலத்துக்கு முன் படுக்கையறைகளை மட்டுமாவது முடித்துவிடுங்கள்.